புதுச்சேரி லிசே: யாருக்காகத் திறந்த பள்ளி, யாரிடம் வந்து சேர்ந்தது

வெளிநாடுகளில் இருக்கும் பிரெஞ்சுப் பள்ளிகள் எப்படித் தொடங்கின என்று பார்த்தால் காரணம் பெரும்பாலும் பளிச்சென்று தெரிந்துவிடும். லண்டன் பள்ளி 1915இல், முதல் உலகப் போருக்குத் தப்பி வந்த பெல்ஜிய, பிரெஞ்சு அகதிகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. நியூயார்க் பள்ளி 1935இல் வந்தது. தூதரக அதிகாரிகளும் கம்பெனிக்காரர்களும் நாடு நாடாக மாற்றலாகிப் போகும்போது பிள்ளைகளின் படிப்பு அறுந்துபோகக் கூடாது என்பதற்காகவே பின்னாளில் வந்த பல பள்ளிகள் நடக்கின்றன. இன்று அப்படி 130க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 600 பள்ளிகள் இருக்கின்றன. பாரிஸில் பாடத்திட்டம் மாறினால் அந்தப் பள்ளிகள் எல்லாவற்றிலும் மாறும்.

புதுச்சேரி விக்தோர் சிமோனெல் வீதியில், கடற்கரையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் லிசே என்ற பிரெஞ்சு உயர்நிலைப் பள்ளியும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் அது அந்த வகையில் சேராது. பாரிஸின் கணக்கில் அது வெளிநாட்டில் நடக்கும் பள்ளி. அங்கே படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வெளிநாடு என்றால் பிரான்ஸ்தான். வீட்டில் தமிழ், கையில் பிரெஞ்சு பாஸ்போர்ட், பையில் பாரிஸ் பாடத்திட்டம் என்ற இந்த ஏற்பாட்டை யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. தொடங்கியவர்கள் இன்றைய வகுப்பறைகளைப் பார்த்தால் திகைத்துப்போவார்கள்.

நெப்போலியன் போர்கள் முடிந்து, 1816இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைத் திருப்பிக் கொடுத்தபோது பிரான்சுக்கு இந்தியாவில் மிஞ்சியவை ஐந்து துண்டு நிலங்கள்: புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், வங்காளத்தில் சந்திரநாகூர். கோட்டை கட்டவோ படை வைக்கவோ இனி வழியில்லை. சரி, வேறு எதையாவது கட்டலாம் என்று இறங்கிய ஆளுநர் எழேன் தெபாசேன் தெ ரிஷ்மோன். ரெயூனியோன் தீவின் பெரிய தோட்டக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1826 முதல் 1828 வரைதான் இங்கே இருந்தார். அதற்குள் தாவரவியல் பூங்கா, பொது நூலகம், நூற்பாலை என்று வரிசையாகத் தொடங்கிவைத்தார். அந்த வரிசையில் ஒன்றுதான் 1826 அக்டோபரில் திறந்த ‘கொலேஜ் ருவாயால்’, அதாவது அரசர் கல்லூரி. பெயரில் கல்லூரி என்றாலும் நடந்தது பள்ளிக்கூடம்தான்.

அது ஐரோப்பியர்களின் பிள்ளைகளுக்கும் அவர்கள் வழிவந்த கலப்பினக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் மட்டும். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே தமிழர் நகரம் என்று பிரிந்துகிடந்த ஊரில் பள்ளியும் அதே கோட்டைப் பின்பற்றியது. பெண்பிள்ளைகளுக்கு 1827இல் குளூனி கன்னியாஸ்திரிகள் வந்தார்கள். ஆக, 1820களில் ஊரில் கல்விக்கு ஒரு பெரிய முனைப்பு நடந்தது. ஊரில் பெரும்பான்மையாக இருந்த தமிழர்கள் அந்த முக்கியக் கட்டடத்துக்கு வெளியே நின்றார்கள்.

பிறகு வந்த ஐம்பது ஆண்டுகளை விரைவாகவே கடந்துவிடலாம். பிரான்சில் ஆட்சி மாறும்போதெல்லாம் பள்ளியின் பெயர்ப்பலகை மாறியது. அரசர் போனதும் அரசர் கல்லூரி குடியேற்றக் கல்லூரி ஆனது. நிர்வாகம் கொஞ்ச காலம் பாதிரிமாரிடமும் கொஞ்ச காலம் அரசிடமும் இருந்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான், அதுவும் மெல்ல மெல்ல. இதற்கிடையே மிஷன் வீதியில் கலவை சுப்பராய செட்டியாரின் முயற்சியால் இந்துப் பிள்ளைகளுக்கென்று கலவைக் கல்லூரி எழுந்தது. பாரதிதாசன் படித்தது அங்கேதான். படித்துவிட்டு பிரெஞ்சு அரசுப் பள்ளிகளில் தமிழாசிரியராகவும் வேலை பார்த்தார். அந்தக் கட்டடம் இன்று புதுச்சேரி அரசின் மேல்நிலைப் பள்ளி.

படிப்புக்கு ஆசைப்பட்டதற்குக் கண்முன் காரணம் இருந்தது: வியட்நாமின் சைகோன். இந்தோசீனாவைப் பிடித்த பிரான்சுக்கு அங்கே குமாஸ்தா, வரி வசூல்காரர், போலீஸ்காரர், நீதிமன்ற எழுத்தர் என்று ஆட்கள் தேவைப்பட்டார்கள். பிரெஞ்சு தெரிந்த, சட்டப்படி பிரெஞ்சுக் குடிமகனான புதுச்சேரிக்காரருக்கு அங்கே ஐரோப்பியருக்கு நிகரான சம்பளம் கேட்கும் உரிமை கிடைத்தது. இதற்கு வழி போட்டது 1881 செப்டம்பர் 21 அன்று வந்த ஆணை. சாதி, மதம் சார்ந்த சொந்தச் சட்டத்தைக் கைவிட்டு பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்பவர், ஒரு குடும்பப் பெயரை எழுதிக்கொடுத்து முழுக் குடிமகன் ஆகலாம் என்றது அது. இப்படி மாறியவர்களை ‘ரெனோன்சான்’ என்பார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளையின் பெயர் ஊரில் இன்றும் அடிபடும். 1873இல் காலணி அணிந்து நீதிமன்றம் போனதற்காகத் தண்டிக்கப்பட்டு, பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை வழக்காடி ஜெயித்தவர். அவர் எடுத்துக்கொண்ட குடும்பப் பெயர் லப்போர்த்.

ரெனோன்சான்களில் கணிசமானோர் கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்களும். மேல்சாதி நிலக்கிழார்களுக்குத் தங்கள் வழக்கச் சட்டத்தை விடுவதில் என்ன லாபம்? அவர்கள் பிரெஞ்சைக் கற்றார்கள், சாதியை வைத்துக்கொண்டார்கள். இந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொண்டால்தான் 1962இல் நடந்தது புரியும்.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படி ஊர் இன்னும் பிரான்சுடையது. உரிமையை ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1956 மே 28இல் கையெழுத்தானது. அதைப் பாரிஸ் நாடாளுமன்றம் ஆறு ஆண்டுகள் தொடாமல் வைத்திருந்தது. அல்ஜீரியாவில் போர் நடந்துகொண்டிருக்க, இன்னொரு நிலத்தை விட்டுக்கொடுக்கும் தாளில் கையெழுத்துப் போட அங்கே யாருக்கும் துணிவு இல்லை. அல்ஜீரியப் பிரச்சினை முடிந்த 1962இல்தான் இதற்கும் ஒப்புதல் கிடைத்து, ஆகஸ்ட் 16 அன்று ஆவணங்கள் பரிமாறப்பட்டன. புதுச்சேரியில் அந்த நாளை இன்றும் தனியாகக் கொண்டாடுகிறார்கள்.

லிசேவின் உயிர் இந்த ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. மற்ற நிறுவனங்கள் ஒவ்வொன்றாக இந்தியாவின் கைக்கு வந்தன. 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளி 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964இல் ஜிப்மர் ஆனது. இன்று தமிழ்நாட்டின் பாதிக்கு அதுதான் பெரியாஸ்பத்திரி. ஆனால் ‘கொலேஜ் பிரான்சே’ என்று ஒப்பந்தம் குறிப்பிட்ட இந்தப் பள்ளிக்குத் தனி ஏற்பாடு. அது இருக்கும் இடத்திலேயே பிரெஞ்சு நிறுவனமாகத் தொடரும், ஆசிரியர்களைத் தேர்ந்தெடுப்பது, சம்பளம், பாடத்திட்டம், தேர்வு, பராமரிப்பு எல்லாம் பிரெஞ்சு அரசின் பொறுப்பு, கட்டடமும் அதனுடையதே. 1955இல் திறந்த பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்கும் இதேபோல ஒப்பந்தத்தில் இடம் கிடைத்தது. நேருவின் அரசு இதைப் பெருந்தன்மையாகவே விட்டுக்கொடுத்தது என்று சொல்ல வேண்டும். துப்பாக்கி வெடிக்காமல் ஒரு நிலம் கிடைக்கும்போது ஒரு பள்ளிக்கூடத்துக்காக யார் மல்லுக்கு நிற்பார்கள்?

இது எவ்வளவு அரிது என்பது வியட்நாமைப் பார்த்தால் தெரியும். சைகோனில் 1874இல் தொடங்கிய புகழ்பெற்ற ஷாஸ்லூ-லொபா லிசேவில் எழுத்தாளர் மார்கெரித் துராஸ் படித்தார், கம்போடிய இளவரசர் சிகானூக் படித்தார். இன்று அது லே குய் டொன் என்ற வியட்நாமியப் பள்ளி. ஹனோயின் அல்பேர் சரோ லிசே, கம்யூனிஸ்ட் ஆட்சி வந்த பின்னும் ஓர் உடன்பாட்டின்படி 1965 வரை தாக்குப்பிடித்து, அப்புறம் மூடப்பட்டது. குடியேற்ற காலத்துப் பள்ளி, அதே ஊரில், பிரெஞ்சு அரசின் நேரடிப் பொறுப்பில் இன்றுவரை நடப்பதற்கு ஆசியாவில் புதுச்சேரிக்கு இணையான உதாரணம் கிடைப்பது கடினம்.

பள்ளி பிழைத்தது. பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள்? அதற்கும் விடை அதே ஒப்பந்தத்தில். பிரெஞ்சு நிலத்தில் பிறந்து அங்கேயே குடியிருந்தவர்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும். அங்கே பிறந்து சைகோன் போன்ற வெளியிடங்களில் இருந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்களாகவே நீடிப்பார்கள். உள்ளூரில் எழுதிக்கொடுத்தவர்கள் ஏறத்தாழ 5,000 பேர். கிராமங்களுக்குச் செய்தி சரியாகப் போய்ச் சேரவில்லை என்ற மனக்குறை பல குடும்பங்களில் இன்றும் உண்டு. தாத்தா அன்றைக்கு ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் என்று பெருமூச்சு விடாத வீடு புதுச்சேரியில் குறைவு.

யார் எழுதிக்கொடுத்தார்கள் என்பதுதான் சுவையான விஷயம். பிரெஞ்சில் கவிதை எழுதத் தெரிந்த, பாரிஸ் பத்திரிகை படித்த மேல்தட்டுக் குடும்பங்கள் பலவும் இந்தியர்களாக மாறிக்கொண்டன. சொத்து இங்கே, உறவு இங்கே, புதிய ஆட்சியில் பதவியும் இங்கே. பிரான்சை விடாமல் பிடித்துக்கொண்டவர்களில் பெரும்பகுதி ராணுவ ஓய்வூதியக்காரர்கள், சிறு உத்தியோகஸ்தர்கள், ரெனோன்சான் குடும்பங்கள். ஊர் வழக்கில் ‘சொல்தா’ என்று சொல்லப்படும் இந்தச் சிப்பாய் வீடுகளில் பலவற்றில் பிரெஞ்சு என்பது பட்டாளத்துக் கட்டளைகளோடும் பென்ஷன் காகிதங்களோடும் நின்றுவிட்ட மொழி. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் லிசேவை நிரப்பினார்கள். தமிழ்ப் பிள்ளைகளைச் சேர்க்காமல் தொடங்கிய பள்ளி, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் ஓரமாக நிறுத்தப்பட்டவர்களின் வாரிசுகளுடைய பள்ளியாக ஆனது. ஆட்சி கைமாறியதால் இது நடந்தது. பிரெஞ்சுக் குடியரசின் சமத்துவக் கொள்கைக்கு இதில் பங்கு கொஞ்சம்தான் என்பது என் கருத்து.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உள்ளே நடப்பது கொஞ்சம் தலைகீழாகத் தெரியும். வகுப்பு எண்ணிக்கையே இறங்குமுகம். தொடக்கப் பள்ளி முடிந்ததும் சிசியேம், அதாவது ஆறாவது. நம் கணக்குக்கும் அது ஆறாம் வகுப்புதான் என்பதால் தொடக்கத்தில் குழப்பம் வராது. அடுத்த ஆண்டு ஐந்தாவது, பிறகு நான்காவது, மூன்றாவது. அந்த ‘துருவாசியேம்’ முடிவில் பிரவே தேர்வு. அப்புறம் சகோந்த், பிரமியேர், கடைசியாகத் தெர்மினால். பையன் மூன்றாவது படிக்கிறான் என்று லிசே அம்மா சொன்னால் அடுத்த வீட்டுக்காரர் எட்டு வயதுப் பிள்ளையைத் தேடுவார். வந்து நிற்பவனுக்கு மீசை அரும்பியிருக்கும்.

மதிப்பெண் இருபதுக்கு. பதினான்கு வாங்கினால் நல்ல மதிப்பெண், பதினாறு வாங்கினால் வீட்டில் பாயசம் வைக்கலாம். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கும் பக்கத்து வீட்டுச் சிபிஎஸ்இ பிள்ளையோடு இதை ஒப்பிட்டுப் பார்த்து உறவினர்கள் உச்சுக்கொட்டுவது தனிக் கதை. தெர்மினாலில் எல்லோருக்கும் தத்துவம் கட்டாயம். நான்கு மணி நேரத் தேர்வில் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு கட்டுரை எழுத வேண்டும். மனப்பாடம் செய்துவிட்டுப் போய் ஒப்பிக்க முடியாத தேர்வு அது. வீட்டில் யாருக்கும் பிரெஞ்சு வராத பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய மலை என்று யோசித்துப் பாருங்கள். பாரிஸில் இருக்கும் பிள்ளைக்கு மொழி கடையிலும் பஸ்ஸிலும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். இங்கே லிசே வாசலைத் தாண்டினால் தமிழ்தான். ‘துமேன் கோந்த்ரோல் (நாளைக்குப் பரீட்சை) இருக்குடா, படிச்சியா’ என்பது போலப் பாதி பிரெஞ்சும் பாதி தமிழுமாகப் பேசிக்கொள்ளும் பிள்ளைகளிடம் ஒரு விசித்திரமான சரளம் உண்டு. ஆனால் அந்தச் சரளம் விடைத்தாளில் உதவாது. தமிழை மொழிப்பாடமாக எடுக்கலாம், பள்ளி இறுதித் தேர்வான பாக்கலோரெயாவில் அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. அங்கே மட்டும் இவர்கள் கை ஓங்கும்.

புதுச்சேரி என்ற பெயர் பிரான்சின் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் பழக்கமானது இந்தத் தேர்வால்தான் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. பாக்கலோரெயா பிரான்சில் ஜூனில் நடக்கும். இங்கே கோடை முற்றுவதற்குள் முடிக்க வேண்டியிருந்ததால் 2010களில் பெரும்பாலும் ஏப்ரலிலேயே நடத்தினார்கள். நேர வித்தியாசத்தால் வினா கசியக் கூடாது என்பதற்காக வெளிநாட்டு மையங்களுக்குத் தனித்தனி வினாத்தாள் உண்டு. ஆகவே அந்த ஆண்டுகளில் முதல் வினாத்தாள்களில் ஒன்றாக ‘போந்திஷேரி’ தாள் வெளியே வந்தது. மார்செய்யிலும் லியோனிலும் கணக்கு வாத்தியார்கள் அதை உடனே இறக்கி, இந்த ஆண்டு கேள்வி எந்தப் பக்கம் சாய்கிறது என்று வகுப்பில் போட்டுக் காட்டினார்கள். பிரெஞ்சு கணித மாதிரி வினாத் தொகுப்புகளைப் புரட்டினால் ஆண்டுக்கு ஆண்டு அந்தப் பெயர் அச்சாகியிருக்கும். ஊரை வரைபடத்தில் காட்டத் தெரியாத பிள்ளைகூட அந்தக் கணக்கைப் போட்டிருக்கும்.

பணம் எப்படி வருகிறது? வெளிநாட்டு பிரெஞ்சுப் பள்ளிகளை மேற்பார்வையிட 1990இல் ஏஇஎஃப்இ என்ற அரசு முகமை அமைந்தது. பல ஊர்களில் பெற்றோர் சங்கங்களே பள்ளியை நடத்த, முகமை ஒப்பந்தம் மட்டும் போட்டுக்கொள்ளும். புதுச்சேரிப் பள்ளியை முகமை தானே நேரடியாக நடத்துகிறது. நேரடி என்றாலும் இலவசம் இல்லை. பிரான்சுக்குள் அரசுப் பள்ளி இலவசம், வெளியே போனால் கட்டணம் உண்டு. வருமானம் குறைந்த பிரெஞ்சுக் குடும்பங்கள் தூதரகத்தில் விண்ணப்பித்து உதவித்தொகை வாங்கலாம். சிலருக்கு முழுக் கட்டணமும் கிடைக்கும். லண்டன் போன்ற ஊர்களில் இது ஓரத்துச் சலுகை. புதுச்சேரியில் அந்த உதவித்தொகை இல்லாவிட்டால் பாதி பெஞ்சுகள் காலியாகிவிடும் என்றுகூடச் சொல்லலாம். 2007இல் சார்கோசி அரசு வெளிநாட்டு லிசேக்களின் மேல் வகுப்புப் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு, பணக்காரர் ஏழை பார்க்காமல் கட்டணத்தை ஏற்றது. 2012இல் அடுத்து வந்த அரசு அதை நிறுத்தி, வருமானம் பார்த்துக் கொடுக்கும் முறையோடு நின்றது. பாரிஸில் பட்ஜெட் விவாதம் நடந்தால் முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டில் கணக்குப் போடுவார்கள்.

இந்தியக் குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. ஆனால் இந்த உதவித்தொகை அவர்களுக்குக் கிடையாது. ஆக, ஒரே தெருவில், ஒரே கொள்ளுத்தாத்தாவின் வழிவந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்குப் பாரிஸ் பணம் கட்டும், இன்னொருவருக்கு அப்பா கட்ட வேண்டும். ஆசிரியர் அறையிலும் இப்படி ஒரு கோடு உண்டு. பிரெஞ்சு அரசுப் பணியிலிருந்து அனுப்பப்படுபவர்களுக்கு ஒரு சம்பளம், உள்ளூரில் நியமிக்கப்படுபவர்களுக்கு வேறு சம்பளம். இது புதுச்சேரிக்கு மட்டும் உள்ள வழக்கமல்ல, அந்த வலைப்பின்னல் முழுக்க உள்ள ஏற்பாடு, எல்லா ஊரிலும் முணுமுணுப்பு உள்ள ஏற்பாடும்கூட.

படித்து முடித்தவர்கள் எங்கே போகிறார்கள்? பெரும்பாலும் பிரான்சுக்கு. பதினெட்டு வயதில் விசா இல்லாமல் விமானம் ஏறலாம், அங்கே பல்கலைக்கழகக் கட்டணமும் குறைவு. சிலர் பட்டாளத்தில் சேர்வார்கள், தாத்தா வழியில். பாரிஸ் புறநகர்களில் புதுச்சேரித் தமிழர்கள் கூட்டமாக வாழும் இடங்கள் உருவானதில் இந்தப் பள்ளிக்குப் பெரிய பங்கு உண்டு. பெற்றோர்கள் பள்ளியை மதிப்பதும் இதற்காகத்தான். உள்ளூரில் வேலைக்குத் தயார்செய்யும் பள்ளியாக அதை யாரும் நினைப்பதில்லை. போனவர்களின் பிள்ளைகள் அங்கேயே பிறந்து அங்கேயே படிப்பதால், உள்ளூர் பிரெஞ்சுக் குடும்பங்களை மட்டும் நம்பி லிசே நெடுங்காலம் ஓட முடியாது. ஆரோவில் குடும்பங்கள், புதிதாக வரும் ஐரோப்பியர்கள், பிரெஞ்சுப் படிப்புக்கு ஆசைப்படும் இந்தியக் குடும்பங்கள் என்று வாசல் இப்போது அகலமாகியிருக்கிறது. பெயரிலும் ‘சர்வதேச’ என்ற சொல் வந்து ஒட்டிக்கொண்டது.

2026 அக்டோபர் பள்ளிக்கு 200ஆவது ஆண்டு நிறைவு. ஆனால் லிசேவின் நிலையை அசைக்கக்கூடிய விஷயம் 2018 மார்ச்சிலேயே நடந்துவிட்டது. மக்ரோன் டெல்லி வந்தபோது ஒரு நாட்டின் கல்விச் சான்றிதழ்களை மற்றொன்று ஏற்றுக்கொள்ளும் உடன்பாட்டில் இரு நாடுகளும் கையெழுத்திட்டன. பிளஸ் டூ முடித்த பிள்ளை பிரான்சில் விண்ணப்பிக்கலாம், பாக்கலோரெயா முடித்த பிள்ளை இந்தியக் கல்லூரியில் விண்ணப்பிக்கலாம். புதுச்சேரியில் 1889 முதல் இருக்கும் அலியான்ஸ் பிரான்சேஸில் மாலை வகுப்புப் போய், தேர்வு எழுதி, சாதாரண அரசுப் பள்ளியிலிருந்தே பாரிஸ் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் வழி இப்போது திறந்திருக்கிறது. பிரான்சுக்குப் போக லிசே ஒன்றே பாதை என்ற நிலை போய்விட்டது. அந்த நிலையை நம்பித்தான் பல குடும்பங்கள் இருபதுக்குப் பதினொன்று வாங்கும் பிள்ளையையும் விடாமல் அங்கேயே படிக்கவைத்தன.